அவர் கம்பைலரில் நான் தேடிய பிழைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, மறைந்த நம் பேராசிரியரின் துணைவியார் அவர்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அவருடைய நினைவுக் கூட்டத்தில் இப்படி நிற்கிறீர்களே! என் நூல் வெளியீட்டு விழாவில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மறைத்துப் பேச எனக்கு வராது.

கணினி நிரல்மொழி ஆய்வில் நம் பேராசிரியருக்கு இணை யார்? நான்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே தாழ்வாரத்தில், எதிரெதிர் அறையில், ஆளுக்கொரு கம்பைலர் எழுதினோம். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதானே அதன் வேலை? என்னுடையது வேகமாகச் செய்யும். ஆனால் மாணவர்கள் எதைத் தேடிப் போனார்கள்? அவருடையதை! என் கம்பைலர், எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அவருடையது, என்ன நினைத்து எழுதினாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரிக்கும்.

ஒவ்வொரு புதிய பதிப்பையும் முதலில் எனக்குத்தான் அனுப்புவார். நான் விடுவேனா? எங்காவது சறுக்கியிருப்பார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். ஒருமுறை, லிஃப்டை இயக்கும் நிரலில், கதவு மூடும்வரை காத்திருக்கச் சொல்லும் வரிகளை, வெட்டி வேலை என்று அவர் கம்பைலர் நீக்கிவிட்டது. கதவு மூடும் முன்பே லிஃப்ட் கிளம்பிவிடும்! கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவர் அறைக்கு ஓடினேன். கோபப்பட்டாரா? நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, வேற என்ன இருக்கு?" என்றார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

போன வாரம் துணைவியார் அந்தக் கம்பைலரை முழுவதுமாக என்னிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் பயின்ற பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க எனக்கு எதற்கு அண்ணி என்று கேட்டேன்.

"அவர்தான் சொல்லிட்டுப் போனாரு. 'பசங்களுக்கு எம்மேல பாசம், தப்பு கண்ணுல படாது. எதிர் ரூம்காரருக்குத்தான் எம்மேல பொறாமை, அவர்கிட்டயே குடு'ன்னாரு."

என்ன மனிதர் அய்யா! எல்லாம் தெரிந்தேதான் ஒவ்வொரு பதிப்பையும் எனக்கு அனுப்பியிருக்கிறார்.

என் கம்பைலரை இன்றோடு மூடிவிட்டேன். அவருடையதைத்தான் இனி வளர்ப்பேன். அதை என் பெயரிலேயே வெளியிடலாம் என்கிறார் துறைத் தலைவர். ஆசை இல்லாமலா? நிறைய இருக்கிறது. ஆனால் என் பெயரைப் போட்டால் அது என் பிள்ளை ஆகிவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு; அப்புறம் எனக்கு எந்தப் பிழை தெரியும்?

அவர் பெயரே இருக்கட்டும். பேராசிரியரே, அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டே உங்கள் பணியைத் தொடர்வேன்.