லிப்ட் குழியும் காயவைத்த மண்ணும்

என் பெயரும் வீட்டு முகவரியும் மேலே எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்பது. மண்ணியலில் முதுகலை படித்திருக்கிறேன். பெட்ரோல் பங்க், பட்டறை போன்றவை இருந்த மனைகளில் கட்டடம் எழுப்பும் முன் மண்ணைச் சோதித்துச் சொல்வது என் தொழில். இவ்வழக்கில் சொல்லப்படும் கட்டடத்தின் உரிமையாளர் என் உடன்பிறந்த தம்பி. லிப்ட் குழிக்குள் மெக்கானிக் பீடி பற்றவைத்ததால்தான் தீப்பிடித்தது என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, யாரும் அழைக்காமல் நானாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

அந்த முனை மனையில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்தது. தம்பி அதை வாங்கியதும் சோதனையை என்னிடம் கொடுத்தான். பூமிக்குள் இருந்த தொட்டிகளைச் சுற்றித் துளையிட்டதில் மண் சுத்தமாக இருந்தது. தொட்டியைவிட, அதிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் இணைப்புகளே அதிகம் ஒழுகும் என்பதால் குழாய் போன வழியிலும் துளையிட்டேன். எடுத்த மண்ணை அந்த இடத்திலேயே குப்பியில் அடைத்து மூடி ஐஸ் பெட்டியில் வைத்தேன். தம்பி பக்கத்தில் நின்று, "என்னக்கா, குச்சி ஐஸ் விக்கப் போறியா?" என்று சிரித்தான். காற்றுப் பட்டால் மண்ணிலுள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும், பிறகு கெட்ட மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும் என்று விளக்கினேன். அவன் எதையும் அவ்வளவு கவனமாகக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு குழாய் வழி மண்ணில் பெட்ரோல் இருப்பது உறுதியானதால், அதைத் தோண்டி அகற்றிவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு தாமதம் தாங்காது என்று சொல்லி, மண்ணை மறுபடி சோதிக்க அவன் வேறொரு நிறுவனத்தை அமர்த்தினான். அதன் பிறகு ஒருநாள், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போக அவனைத் தேடி மனைக்குச் சென்றபோது, புதிதாகத் துளையிட்டு எடுத்த மண் தார்ப்பாயில் பரப்பப்பட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் அதைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். காலிக் குப்பிகள் பக்கத்தில் இருந்தன. இது என்ன என்று கேட்டேன்.

"நீதானேக்கா சொன்ன, காத்துப் பட்டா போயிடும்னு? அதான் காத்தாட வெச்சிருக்கேன்" என்றான்.

அதன் பிறகு, அனுமதி வழங்கும் அலுவலகத்துக்கு நான் கண்டதை எழுதினேன். சோதனை முடிவு திருப்தியாக இருப்பதாகவும், உடன்பிறந்தோரின் சொத்துத் தகராறில் அலுவலகம் தலையிடாது என்றும் பதில் வந்தது. எங்களுக்குள் சொத்துத் தகராறு எதுவும் இல்லை.

கட்டடத்தில் லிப்ட் குழி அந்தக் குழாய் வழியின் மேலேயே அமைந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். அங்கு லிப்ட் குழியைவிடத் தாழ்ந்த இடம் இல்லை.

நேற்று மருத்துவமனைக்குச் சென்று மெக்கானிக்கைப் பார்த்தேன். இரண்டு கைகளுக்கும் கட்டுப் போட்டிருந்ததால் காலில் விலங்கிட்டுக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள். லிப்ட் குழிச் சுவரில் துளைபோடும் இயந்திரத்தை இயக்கியதும் தீ வந்ததாக அவர் மனைவி சொன்னார். "எங்க வீட்டுக்காரருக்குக் கொசுவத்திப் புகையே ஆகாது மேடம். பீடியாம், பீடி!" என்றார்.

அவர் பீடி பிடித்தாரா என்று காவல் ஆய்வாளர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது. நல்ல மண்ணில் தோண்டிய குழியில் பீடி பற்றவைத்தால் பீடி மட்டும்தான் எரியும்.

இன்று காலை தம்பி போனில், "ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கறேன், நீ வாய மூடிக்கிட்டு இரு. அம்மாவுக்கு இருக்கறது நான் ஒருத்தன்தான்" என்றான். அம்மாவை அன்றைக்கும் மருத்துவரிடம் அழைத்துப் போனது நான்தான்.

இங்கு வரும் வழியில் கட்டடத்தைப் பார்த்தேன். லிப்ட் குழியின் தரையை உடைத்து, பெரிய மின்விசிறியால் உள்ளே காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கேட்டதற்கு, "கருகின நாத்தம் போகட்டுமேன்னு ஓனர் வெச்சாரு" என்றார். அந்த விசிறியை இப்போதே நிறுத்தி, குழியை மூடி, மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். நான் அக்கா என்பதால் வேறு யாரை அமர்த்தினாலும் சம்மதம். ஐஸ் பெட்டியை வராந்தாவில் வைத்திருக்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும். அறியாததை அறிந்ததாகச் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். 'தம்பி' என்று வரும் இடங்களில் 'கட்டட உரிமையாளர்' என்று மாற்றட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)