நாற்பத்திரண்டு மதகு

"ஹலோ... ஓம், படம் வரையிற பகுதிதான்... யோகேந்திரன்தான் கதைக்கிறன்... ஆர்?... சார்ஜன்ற் மஹ்மூத்... ஓம் சேர், சொல்லுங்கோ... எந்தச் செக் பொயின்ற்?... தெல்தெனிய றோட்டில... ஓம்... ஓம்... தனபாலனோ? தெரியும் சேர், என்ர மனுசியின்ர தம்பி. என்ன, பஸ்ஸால விழுந்திட்டானோ?... இல்லையோ. அப்ப... ஓ. பிடிச்சு வைச்சிருக்கிறியளோ."

யோகேந்திரன் கதிரையை விட்டு எழுந்தார். உடனே உட்கார்ந்தும் விட்டார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கண்டியில், ஒரு தமிழன் எழுந்து நின்று போனில் பேசினால் கந்தோர் முழுவதும் தலையைத் திருப்பும். வாய்க்காலும் மதகும் வரைகிற அந்த அரசாங்கக் கந்தோரில் தலையைத் திருப்புவதை விட்டால் பின்னேரங்களில் பெரிய வேலையும் கிடையாது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எஞ்சினியர் வெலகெதர மட்டும் பத்திரிகையில் முகத்தைப் புதைத்திருந்தார்.

"ஐடென்ரி கார்ட் இருக்குத்தானே சேர்... பொலிஸ் பதிவும் இருக்கு... பின்ன என்னத்துக்கு... பையுக்குள்ளயோ? என்ன பையுக்குள்ள... படமோ... என்ன படம்... ஓ."

இந்த இரண்டாவது 'ஓ' அடிவயிற்றிலிருந்து வந்தது. எந்தப் படம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அது ஒரு கீபோர்ட்டின் படம். கம்ப்யூட்டருக்கு முன்னால் வைத்து எழுத்தடிக்கிற அதே கீபோர்ட். யோகேந்திரன் வீட்டில் கம்ப்யூட்டர் மேசை கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. கடைக் கீபோர்ட்டை வைத்தால் பாதி வெளியே தொங்கும். மேசை மாமியார் கொடுத்தது. அதை மாற்றுவோம் என்று சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது. ஆகவே கீபோர்ட்டைச் சிறிதாக்கிவிடுவது என்று மனிதர் முடிவு கட்டினார். ஏலத்தில் எடுத்த பழைய கீபோர்ட் ஒன்றிலிருந்து, 'டக் டக்' என்று அடிக்கிற நாற்பத்திரண்டு சுவிட்சையும் அதன் மூளையான சிப்பையும் கழற்றியெடுத்தார். அவற்றைப் பூட்டச் சின்னதாக ஒரு சர்க்கிட் போர்ட் வேண்டும். படத்தைத் தந்தால் செப்புத் தகட்டில் கோடு பதித்து அமிலத்தில் கழுவித் தருகிறேன் என்றார் தெல்தெனியவில் ரேடியோ திருத்துகிற பாரூக். படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தனபாலன் தலையில் விழுந்தது.

"சேர், அது விக்டோரியா இல்லை... இல்லையில்லை, ரந்தெனிகலவும் இல்லை. அது அணையே இல்லை சேர்... நீலம் அடிச்சிருக்கோ? ஓம், அடிச்சனான்தான். ஆனா அந்த நீலப் பெட்டிக்குள்ள தண்ணியில்லை. அது சிப்... கீபோர்ட்டின்ர மூளை... ஓம், 'ரிசர்வொயர்' எண்டுதான் எழுதியிருக்கு... ஓம், எழுதினது நான்தான்."

இருபத்திரண்டு வருடமாக வாய்க்கால் வரைந்த கைக்கு வேறு மாதிரி வரையத் தெரியவில்லை. கரண்ட் போகிற கோடெல்லாம் வாய்க்காலாயிற்று, சுவிட்செல்லாம் மதகாயிற்று. ஒரு கோடு இன்னொன்றைத் தாண்ட வேண்டிய இடத்தில் வாய்க்காலுக்கு மேல் வாய்க்கால் போகும் பாலத்தைப் போட்டார். எல்லாம் கந்தோர்த் தாளில், கந்தோர் மையில். சிப்புக்கு நீலம் அடித்தது மட்டும் பழக்கமல்ல, சுத்தக் குறும்பு. அடித்துவிட்டுத் தனியே இருந்து சிரித்தும் இருந்தார்.

"நாப்பத்திரண்டு மதகு... ஓம் சேர், சரியா எண்ணியிருக்கிறியள்... இல்லை, அதுகளைத் திறந்தா ஊர் அள்ளுப்படாது. அமத்தினா எழுத்து விழும். ஏ, பி, சி... ஓம், அவ்வளவுதான் விழும்... அம்புக்குறியோ? அது டயோட் சேர். ஒவ்வொரு மதகுக்கும் ஒண்டு. கரண்ட் போகும், திரும்பி வராது... அது இல்லாட்டி என்ன நடக்குமெண்டா, மூண்டு எழுத்துக் கட்டையை ஒண்டா அமத்தேக்க, அமத்தாத நாலாவது எழுத்தும் தானா விழுந்திடும்... ஓம், சொல்லாததையும் சேர்த்து எழுதிப்போடும். உங்களுக்கு விளங்கும்தானே... ஐயோ, உங்களைச் சொல்லேல்லை சேர். பொதுவாச் சொன்னனான்."

தன் வாயைத் தானே பொத்த வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"ஜீப்போ... என்ன ஜீப்?... எங்க கொண்டுபோகும்?... எத்தினை மணிக்கு?... மூண்டரைக்கோ."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி பதினெட்டு நிமிடம். அந்த ஜீப்பில் ஏறியவர்களில் சிலர் அடுத்த நாளே வந்தார்கள், சிலர் மறு வருடம் வந்தார்கள். எதற்குப் போனோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர் எவரும் இல்லை. தனபாலனுக்கு இருபத்துநாலு வயது. பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவான். யோகேந்திரனுக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. விளையாடியவர் இங்கே கதிரையில் இருக்கிறார், அகப்பட்டவன் அங்கே நிற்கிறான்.

"சேர், கொஞ்சம் கேளுங்கோ. படத்துக்குக் கீழ அளவு எழுதியிருக்கு, பாருங்கோ... ஒண்டுக்கு ஒண்டு. ஓம்? அப்ப படத்தில எவ்வளவோ, நேரிலயும் அவ்வளவுதான். அந்த நீர்த்தேக்கத்தை விரலால அளந்து பாருங்கோ... மூண்டு விரல். சேர், மூண்டு விரல் குளத்தில தவளைக்கே கால் நீட்ட இடம் காணாது. அதை உடைக்க ஆர் வரப்போறான்... இரகசியக் குறியீடோ? அய்யோ, இல்லை சேர்... வடக்கோ?"

வடக்கு. அந்த நான்கு எழுத்துச் சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அவரே சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஓம், மூலையில வடக்குக் குறி போட்டிருக்கு... கீபோர்ட்டுக்கு வடக்கு என்னத்துக்கு எண்டு கேட்டா, நியாயமான கேள்விதான். தேவையில்லை சேர். வடக்குப் போடாத படம் எங்கட கந்தோரில திரும்பி வந்திடும். கை தானாப் போட்டிட்டுது... ஓம், சொந்த இடம் சாவகச்சேரிதான்... போய்ப் பத்து வருசம் சேர். அம்மா செத்ததுக்கும் போகேல்லை... பாதை பூட்டு... ம்... ம்... இல்லை, பரவாயில்லை."

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"சேர், உங்கட மேசையில டைப்ரைட்டர் ஏதும் இருக்கோ?... சிங்கள டைப்ரைட்டரோ. நல்லது, எழுத்துத்தான் வேறை, கட்டை நிக்கிற இடம் ஒண்டுதான். படத்தைத் தூக்கி அதுக்கு மேல விரியுங்கோ. மெல்லிய தாள், ஊடாத் தெரியும்... இல்லை, பழுதாகாது, விரியுங்கோ... கொஞ்சம் இடப்பக்கம் இழுங்கோ... இப்ப என்ன தெரியுது? வட்டமெல்லாம் கட்டைக்கு மேல வருதோ?... வருதோ... ரெண்டாவது வரிசையும்... ஓம் சேர், ஓம். மதகு எண்டது கட்டை... மேல் வரிசைக்கு வட்டம் இல்லையோ? அது இலக்கம். இடம் காணாமல் வெட்டிப்போட்டன்... சிரிக்கிறியளோ? சிரியுங்கோ, சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ நானா... மன்னிக்கோணும், சேர், முஸ்லிம் அண்ணன்மாரை அப்பிடிக் கூப்பிட்டுப் பழக்கம்... அக்குறணையோ உங்கட இடம்? நல்ல இடம். அப்ப பெடியனை விடலாம்தானே... என்ன?... கையெழுத்தோ? என்ரதான்... மற்றதோ? எந்த மற்றது?"

படத்தின் வலது மூலையில் கந்தோர் வழக்கப்படி மூன்று பெட்டி இருந்தது. வரைந்தவர், பரிசோதித்தவர், அனுமதித்தவர். முதலாவதில் யோகேந்திரன் பழக்கத்தில் பெயர் போட்டார். மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டார். போன வெள்ளிக்கிழமை இருபது வாய்க்கால் படங்கள் வெலகெதரவின் தட்டுக்குப் போய் வந்தன. அவற்றோடு இதுவும் கலந்து இருபத்தொன்றாகப் போயிருக்கிறது. தேநீருக்கும் பஸ்ஸுக்கும் நடுவிலே மனிதர் அத்தனையிலும் அனுமதித்தவர் பெட்டியில் ஒரே மூச்சில் கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தித் தள்ளியிருக்கிறார். யோகேந்திரனும் பார்க்காமலே சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஓம் சேர்... ஓம். கீபோர்ட்டுக்கு ஒரு எஞ்சினியர் அனுமதி குடுப்பாரோ எண்டு கேட்டா... குடுக்கமாட்டார்தான்... அவரோட கதைக்கோணுமோ? அவர் இண்டைக்கு லீவு... இல்லை, நிக்கிறார். ஓம், பொய்தான் சொன்னனான். பயத்தில சேர்... குடுக்கிறன். ஒரு நிமிசம்."

ரிசீவரைக் கையால் பொத்தினார். எங்கள் படமில்லை என்று வெலகெதர சொன்னால் அது கள்ள முத்திரை, தனபாலன் ஜீப்பில். எங்கள் அணைதான் என்று சொன்னாலும் அரசாங்க அணையின் படத்தோடு பஸ்ஸில் போன தமிழன், அவனும் ஜீப்பில். பையன் தப்ப வேண்டுமானால், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கந்தோர் தொடங்கிய நாளிலிருந்து எந்த எஞ்சினியரும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை. ஆனாலும் யோகேந்திரன் தடுப்பைத் தாண்டிப் போய், சிங்களத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மச்சான் தனபாலன், கீபோர்ட், கந்தோர்த் தாள், உங்கள் கையெழுத்து, மூன்றரை மணி ஜீப். என் வேலை போனாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்.

வெலகெதர மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மூன்று இருபத்தாறு. பிறகு எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார். அவர் சிங்களத்தில் பேசியது இவ்வளவுதான்.

"ஹலோ... ஆம், வெலகெதர... என்னுடைய கையெழுத்துத்தான்... பார்க்காமலா? நான் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை, சார்ஜன்ட்... ஆம், கீபோர்ட் என்று தெரிந்துதான் வைத்தேன்... கந்தோருக்குத்தான். இங்கேயும் மேசைகள் சின்னவை... பன்னிரண்டு செய்கிறோம். இது மாதிரிக்கு... அந்தப் பையனா? எங்கள் வேலையாகத்தான் போகிறான்... ஆம். நன்றி."

ரிசீவரை யோகேந்திரன் கையில் திணித்துவிட்டு, பன்னிரண்டையும் மூன்று மாதத்துக்குள் மேசைக்குக் கொண்டுவரும்படி சொல்லி, பத்திரிகைக்குத் திரும்பினார். அவர் காலில் விழலாமா, ஒரு முறை சிரித்துவிடலாமா என்று யோகேந்திரனுக்குத் தெரியவில்லை.

"ஹலோ... தம்பி, நீயோ?... அத்தான்தான்... அழாதை... அடிச்சவங்களோ?... இல்லையோ. தேத்தண்ணி தந்தவரோ? நல்ல மனுசன்... ஜீப் வந்திட்டுதோ... போயிட்டுதோ. சரி, சரி. இப்ப நீ வெளியிலதானே... எல்லாம் என்ர பிழை தம்பி. இனி உன்ர கையில ஒண்டும் தந்து விடமாட்டன்... படத்தைத் தந்திட்டாரோ?... என்ன? எந்தப் பெட்டியில?... 'பரிசோதித்தவர்' எண்டதிலயோ? தன்ர பேரை எழுதி... பொலிஸ் முத்திரையும் குத்தியோ?"

யோகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பெட்டியும் நிரம்பிவிட்டது.

"அப்ப தம்பி, அதைச் சுருட்டிப் பையுக்குள்ள வையாதை. விரிச்சு, முத்திரை வெளியில தெரியிற மாதிரிக் கையில பிடி... ஓம், பாரூக்கிட்டப் போகேக்கயும், திரும்பி வரேக்கயும். இன்னும் ரெண்டு செக் பொயின்ற் இருக்கு. ஐடென்ரி கார்ட்டை நீட்டமுதல் அதை நீட்டு... விளங்குதோ? கார்ட்டில உன்ர பேர்தான் இருக்கு, தம்பி. படத்தில அவங்கட பேர் இருக்கு... ஹலோ... தம்பி... ஹலோ..."

லைன் போய்விட்டது.