புறா பதித்த தாலிச் செயின் தொலைந்த விதம்

சாட்சியின் பெயர்: ஜெபஷீலா. வயது: 47. கணவர்: ஸ்டான்லி, ஏலக்காய் வியாபாரம். தொழில்: பள்ளி ஆசிரியை. முகவரி: சர்ச் தெரு, கூடலூர், தேனி மாவட்டம்.

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எனது தாலிச் செயினை இருவர் பைக்கில் வந்து பறித்துச் சென்றதாக என் கணவர் இந்த நிலையத்தில் கொடுத்த புகார் தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன். செயினை யாரும் பறிக்கவில்லை. அது எங்கள் திராட்சைத் தோட்டத்தில் மண்ணுக்கடியில் இருக்கிறது. அது அங்கே போன விதம் வருமாறு.

சென்ற மாதம் என் கணவர் மெட்டல் டிடெக்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார். பெரியாறு அணை கட்டிய காலத்தில் கூலி வாங்கிக்கொண்டு மலையிறங்கியவர்கள் வழியெல்லாம் வெள்ளிக் காசுகளைத் தவறவிட்டிருப்பார்கள் என்பதும், அந்த வழி எங்கள் தோட்டத்துக்குள்தான் சென்றது என்பதும் அவருடைய நண்பர், செல்போன் கடை ஞானசிகாமணியின் ஆராய்ச்சி முடிவு. கூலி வாங்கியவன் காசைச் சிந்திக்கொண்டே நடந்தான் என்று நம்ப, ஒருநாளும் கூலி வாங்காதவர்களால்தான் முடியும். அதன்பிறகு இருவரும் கருவியைப் பழகத் தொடங்கினார்கள். முதலில் வீட்டுக்குள் பழகினார்கள். கருவி கட்டிலையும் கிரைண்டரையும் என் கணவரின் பெல்ட் கொக்கியையும் கண்டுபிடித்தது. ஒவ்வொரு முறையும் இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அதன்பிறகு தோட்டத்துக்குப் போனார்கள். எங்களுடையது பந்தல் தோட்டம். கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பியை வலையாக இழுத்துக் கட்டி, கொடியைப் படரவிட்டிருக்கிறோம். கொடியை வெட்டிவிடும் ஒவ்வொரு கவாத்தின்போதும் கட்டுக்கம்பித் துண்டுகள் கீழே விழுந்து மண்ணோடு கலந்துவிடும். உலோகம் தேடும் கருவியைப் பழகுவதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே இதைவிடப் பொருந்தாத இடம் கிடையாது. நிழல் இருக்கும், சாலையில் போகிறவர்கள் பார்க்கமாட்டார்கள் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கருவி ஓயாமல் கத்தியிருக்கிறது. நாம் புதையல் மேலேயே தோட்டம் போட்டிருக்கிறோம் போலிருக்கிறது என்று என் கணவர் சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் ரசம் ஊற்றினேன்.

ஒவ்வொரு உலோகத்துக்கும் கருவி ஒரு சத்தம் கொடுக்குமாம். பத்து ரூபாய் நாணயத்தைப் புதைத்து அதன் சத்தத்தைப் பழகியாயிற்று, அடுத்தது தங்கம் என்று ஞானசிகாமணி சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில் என் தாலிச் செயினின் கொக்கி விட்டுப்போனதால், பற்றவைத்து வாங்கி வரும்படி அதைக் கணவரிடம் கொடுத்திருந்தேன். புறா பதித்த தாலி, என் மாமியார் போட்டிருந்தது. கணவர் அதைப் பத்தரிடம் கொண்டுபோகவில்லை, தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கவாத்து வெட்டிக்கொண்டிருந்த எங்கள் வேலையாள் சுரேஷ்கண்ணன் தங்கம் புதைப்பதைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக, இன்றைக்கு இது போதும் என்று அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அதன்பிறகு என் கணவர் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்ள, ஞானசிகாமணி செயினைப் புதைத்திருக்கிறார். அடையாளத்துக்குக் குச்சி நடலாமா என்று என் கணவர் கேட்டதற்கு அவர் சொன்னது:

"குச்சி நட்டா நம்ம கண்ணே கண்டுபிடிச்சிரும்ணே. மிசினு எப்பப் படிக்கும்?"

மேலும், சோதனை எளிதாக இருந்துவிடக்கூடாது என்று பக்கத்தில் சில பொய்க்குழிகளையும் தோண்டி மூடிச் சருகைப் பரப்பியிருக்கிறார். அதன்பிறகு எந்தக் குழி என்பது அவருக்கே தெரியவில்லை. பந்தலுக்கடியில் எல்லா வரிசையும் ஒன்றுபோல இருக்கும். நான் பல ஆண்டுகளாகத் தேர்வு நடத்துகிறேன். கேள்வியைக் கேட்டுவிட்டு விடையைத் தொலைத்தவரை இப்போதுதான் அறிகிறேன்.

அன்று மாலை செயின் எங்கே என்று கேட்டேன். பத்தர் கடைக்குப் போகும் வழியில் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். நம்பினேன். புகார் கொடுக்கச் சொன்னதும் நான்தான். இங்கே அவரிடம் அடையாளம் கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டும். அது இல்லாததால், நண்பரைத் தவிர கடைசியாகத் தன் கண்ணில் பட்ட மனிதரை அப்படியே சொல்லியிருக்கிறார்: பறித்தவன் ஒல்லியான ஆள், சிவப்புச் சட்டை. அன்று அதே நேரத்தில் சிவப்புச் சட்டையோடு அந்தச் சாலையில் போன ஒல்லியான ஆள் சுரேஷ்கண்ணன்தான். அவரைப் பிடித்து வந்து, வேலை நேரத்தில் சாலையில் என்ன வேலை என்று கேட்டதற்கு, முதலாளி அனுப்பிவிட்டார் என்று அவர் சொன்ன உண்மையை இங்கே யாரும் நம்பவில்லை.

அதன்பிறகு அடையாளம் காட்ட என் கணவரை அழைத்தார்கள். அவரும் வந்து, பார்த்தால் இவர் மாதிரிதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். யாரைக் காட்டினார் என்று என்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை சுரேஷ்கண்ணனின் மனைவி பாண்டியம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டீச்சரம்மா, எங்க வீட்டுக்காரு களவாண்டாருன்னு சொல்றாக. அன்னைக்கு நேரத்தோட போகச் சொன்னதே உங்க ஐயாதான். ஐயா ஸ்டேஷனுக்கு வந்தப்ப, நம்மளைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காகன்னு இவரு எந்திரிச்சுக் கும்பிட்டிருக்காரு. ஐயா பார்க்காத மாதிரிப் போயிட்டாக."

நான் உடனே தோட்டத்துக்குப் போனேன். என் கணவரும் ஞானசிகாமணியும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்றார்கள். கொடிகளின் வேர் வெளியே தெரியும்படி வரிசை வரிசையாகத் தோண்டியிருந்தார்கள். தோண்டிய பொருட்களை ஒரு சாக்கில் பரப்பி வைத்திருந்தார்கள். கம்பித் துண்டுகள், சோடா மூடிகள், ஒரு பத்து ரூபாய் நாணயம். அந்த நாணயமும் அவர்கள் புதைத்ததுதான். என்னைப் பார்த்ததும் ஞானசிகாமணி, மதினி, காதில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள் என்று ஹெட்போனை நீட்டினார். நான் வாங்கவில்லை. என் கணவர் மேலே சொன்ன யாவற்றையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். அதன்பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு:

"செயினு கிடைச்சதும் வழியில கிடந்துச்சுன்னு சொல்லிப் புகாரை வாங்கிக்கிறேன் ஷீலா. இப்பப் போய்ச் சொன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

"கிடைக்கலைன்னா?"

"கிடைச்சிரும். ஒரு மழை பெஞ்சா சிக்னல் நல்லா வரும்ங்கிறான்."

"மழை பெய்யிற வரைக்கும் சுரேஷ்கண்ணன்?"

"அவனுக்கென்ன, அங்கன சோறு போடத்தான செய்றாக."

கருவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பாண்டியம்மாளையும் ஏற்றிக்கொண்டு நேராக இங்கே வந்தேன். பொய்ப் புகார் கொடுத்ததற்காக என் கணவர் மீது நடவடிக்கை வரும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் வந்தேன். செயினை நிலையத்தார் தேடவேண்டியதில்லை. சுரேஷ்கண்ணனைத் தேடவேண்டிய அவசியமே இல்லை, உள்ளேதான் இருக்கிறார். அவரை வெளியே காத்திருக்கும் மனைவியுடன் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். கருவியை ஒப்படைத்துவிட்டேன். ஆய்வாளரின் இரும்பு மேசையைக் கண்டு அது இன்னும் கத்திக்கொண்டிருப்பது, எனக்கு அதை அணைக்கத் தெரியாததால்.

நான் சொன்னதை எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ஒரு இடத்தில், என் கணவர் சுரேஷ்கண்ணனை "அறியாமையால் அடையாளம் காட்டினார்" என்று நான் சொல்லாத ஒன்று சேர்ந்திருந்தது. கருவி விஷயத்தில் அந்தச் சொல் அவருக்கு முழுக்கப் பொருந்தும். கும்பிட்ட மனிதரைக் காட்டிக்கொடுத்த இடத்தில் பொருந்தாது. அதை அடித்துவிட்டு "அறிந்தே" என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். திருத்திய இடத்திலும் கீழேயும் கையொப்பமிடுகிறேன். இனி இதில் உள்ளது எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஜெபஷீலா