ஹார்டு டிஸ்க்கும் வியாழக்கிழமை எண்ணெயும்

வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. கிர்கிஸ்தானில் கோச்கோரிலிருந்து நரின் போகும் சாலை… பனி கொட்டியதால் மலைவழியை மூடிவிட்டார்கள். ஒரு வண்டி இல்லை, ஒரு நாய் இல்லை. அந்தச் சாலையில் கடைசிக் கடை குபாத்துடையது. குபாத் என் நண்பனின் மச்சான். செத்த ஹார்டு டிஸ்க்கைப் பிழைக்க வைப்பான். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

நரினிலிருந்து வந்திருந்த சாதத் அக்காவால் ஊர் திரும்ப முடியவில்லை. அவருடைய மகன் எர்மெக் மாஸ்கோவில் கட்டட வேலையில் விழுந்து இறந்தவன். அவன் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு டிஸ்க்கில்தான். போட்டால் டக்… டக்… என்று தட்டும். அவ்வளவுதான்.

பழைய சாமான் சந்தையில் வாங்கிய இன்னொரு டிஸ்க்கிலிருந்து, தகட்டைப் படிக்கும் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்டிக்கொண்டிருந்தான் குபாத். ஒரு தூசி விழுந்தாலும் போச்சு.

"தம்பி, அடுப்பு இருக்கா?" என்றார் அக்கா. "வியாழக்கிழமை… எண்ணெய் காய வைக்கணும். வாசம் போகலைன்னா பிள்ளை பட்டினி கிடப்பான்."

"திறந்து வெச்சிருக்கேன்க்கா. புகை பட்டா டிஸ்க் காலி."

"உனக்கும் செத்தவங்க இருக்காங்கல்ல?"

வியாழக்கிழமை எண்ணெய் மணம்தான் அங்கே செத்தவர்களுக்குச் சாப்பாடு. அதற்கு மேல் எந்தக் கிர்கிஸ்காரன் மறுப்பான்? அடுப்பைப் பற்றவைத்தான். ஊருக்குக் கொண்டுபோக வாங்கியிருந்த மாவைப் பிசைந்து அக்கா எண்ணெயில் போட்டார்… சுர்ர்ர். கடை முழுக்க மணம்.

குபாத் அவசரமாக டிஸ்க்கை மூடி மின்சாரம் கொடுத்தான். டக்… நின்றது. சீராகச் சுழன்றது. திரையில் ஒரே ஒரு பதிவு. அழுத்தினான்.

"அம்மா… பசிக்குதும்மா…"

குபாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா! உங்க பையன்!"

"இது என் எர்மெக் இல்ல தம்பி."

பிறகு யார்? குபாத்தின் பார்வை, ஹெட் கழற்றிய அந்தப் பழைய டிஸ்க்கின் மேல் போனது. அது யாருடையது என்று அவன் கேட்டதே இல்லை. சந்தையில் யார் கேட்கிறார்கள்?

உள்ளே கீச்… என்று உலோகம் உரசியது. வயரைப் பிடுங்கினான். திறந்து பார்த்தால் தகடு முழுக்கக் கீறல். இனி எர்மெக்கின் குரல் இந்த உலகத்தில் இல்லை.

அக்கா அழவில்லை. இன்னொரு உருண்டையை எண்ணெயில் போட்டார். "யார் பெத்த பிள்ளையோ, பசிக்குதுங்குது. சாப்பிடுப்பா… என் எர்மெக்கைப் பார்த்தா அவனுக்கும் குடு."

பிடுங்கிய வயர் இன்னும் குபாத்தின் கையில்தான் இருந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது.

"பக்கத்துலதாம்மா இருக்கான்… வாயே திறக்க மாட்டேங்குறான்."

அன்று மாவு தீரும்வரை அக்கா பொரித்துக்கொண்டே இருந்தாராம்.