குலேந்திரனுக்கு நடந்தது

சுவிஸில் இந்த வின்டர்தூர் நகரத்தில் பார்க்க வேண்டிய மியூசியங்கள் எவை என்று கேட்டால், முதலில் ஓவியக்கூடத்துக்குத்தான் போகச் சொல்வேன். காலையில் அங்கே கூட்டம் இராது, ஹீட்டர் நன்றாக வேலை செய்யும், காவலுக்கு இருக்கும் கிழவிகள் எங்களைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. அடுத்தது பழைய மணிக்கூடுகள் வைத்திருக்கும் இடம். நகரத்துக்கு வெளியே மேட்டில் இருக்கும் இந்தக் கோட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் இதைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க மனம் வராது. இன்றைக்கு உங்களை அந்த ஒழுங்கில்தான் கூட்டி வந்தேன், கலாவதி. உங்கள் அண்ணன் குலேந்திரனோடும் இப்படித்தான் திரிந்தேன்.

கொஞ்சம் இருங்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

காலையில் வரும் வழியில் நீங்கள் சொன்னதைப் பற்றிக் கதைக்க வேண்டும். நாளைக்கு உங்களுக்கு அகதி விசாரணை. அண்ணனை ஆமி பிடித்ததையும் முகாமில் செய்ததையும் ஒன்றும் விடாமல் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். வேறு எதையாவது சொல்லுங்கள் என்று மணிக்கூடுகளுக்கு முன்னால் நின்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "உண்மையை ஏன் அண்ணை மாத்த வேணும்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் உங்களை இந்த நீட்டு மர வாங்கில் இருத்தியிருக்கிறேன்.

எண்பத்தைந்தில் நானும் உங்கள் அண்ணனும் வந்து இறங்கியபோது வேலை செய்ய அனுமதி இல்லை. கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட ஓர் அறை, வெளியே பனி. விசாரணைக்கு முன் ஒவ்வொருவரும் தன் கேஸை இன்னொருவருக்குச் சொல்லிப் பழகுவது எங்களுக்குள் வழக்கம். முன்னுக்குப் பின் ஒரு திகதி முரண்பட்டால் போதும், பொய் என்று எழுதிவிடுவார்கள். அதனால் கேட்பவன் இடைமறித்துக் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்து கணக்குப் பார்த்த எனக்கு அது நன்றாக வரும். எங்காவது பிசகினால் உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

உங்கள் அண்ணன் அறைக்குள் வாயே திறக்க மாட்டார். அங்கே யார் எந்த இயக்கத்தின் ஆள் என்று யாருக்குத் தெரியும்? மியூசியத்தில்தான் வேறு தமிழர் இல்லை. அந்தக் காலத்தில் ஆட்களை வதைத்த, இதோ இந்த இரும்புச் சாமான்களை முதன்முதலில் பார்த்தபோது அவர் சிரித்தார். "இவங்களும் முந்தி எங்கட ஆமி மாதிரித்தான் இருந்திருக்கிறாங்கள் போல" என்றார். பிறகு இந்த வாங்கில் இருந்து சொல்லத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வந்து சொன்னார்.

நான் விடாமல் கேட்டேன். எந்தக் கையில் கட்டித் தூக்கினார்கள்? சுவரில் என்ன நிறம்? அந்த நேரம் ரேடியோவில் என்ன போனது? கிரிக்கெட் போனதாம். அவரை அடித்தவன் ஓட்டம் கேட்க மட்டும் கையை நிறுத்துவானாம். அவர் அழுதால் நிறுத்தச் சொல்லி, தொடக்கத்திலிருந்து சொல்ல வைப்பேன். அழுகை வந்தால் ஒழுங்கு குழம்பிவிடும் என்பதற்காகத்தான். அவருடைய நன்மைக்காகத்தான்.

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஊரில் என் வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. தட்டுவார்களோ என்ற பயம் இருந்தது, அவ்வளவுதான். இரவில் நாய் குரைத்தால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பேன். அந்தப் பயம் பொய்யில்லை, கலாவதி. ஆனால் பயத்துக்குக் காயத் தழும்பைக் காட்ட முடியுமா?

அவருடைய விசாரணைக்கு முன்பே எனக்கு விசாரணை வந்தது. சத்தியமாக என் கதையைச் சொல்லத்தான் போனேன். அதிகாரி பேனையை மூடிவிட்டு, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். கொழும்புக்குப் போகும் பிளேன் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தேன், குலேந்திரனுடைய கதை வந்தது. ஒரு திகதிகூடப் பிசகவில்லை. பழக்கியவனே நான்தானே.

பிறகு அவருடைய முறை வந்தது. அவரும் அதே முகாமை, அதே கையை, அதே கிரிக்கெட்டைச் சொன்னார். என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த ஆளைத் தெரியுமா என்றார்கள். தெரியும், ஞாயிறுகளில் ஒன்றாக மியூசியம் பார்ப்போம் என்றேன். இதே கதையை அவர் எப்படி அறிந்தார் என்றார்கள். இரக்கப்பட்டு நான்தான் எனக்கு நடந்ததை அவருக்குச் சொன்னேன் என்றேன். மிகவும் அமைதியாகச் சொன்னேன்.

எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. அவருடைய மனுவைத் தள்ளிவிட்டார்கள். விசாரணைக்கு வந்த மொழிபெயர்ப்பாளன்தான் தன் கதையை யாருக்கோ விற்றுவிட்டான் என்று அவர் கடைசிவரை நம்பினார். எதிர்த்துக் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. விடியப்புறம் பொலிஸ் வந்தபோது சப்பாத்துக் கயிற்றை அவருடைய கையால் இழுத்துக் கட்ட முடியவில்லை. நான்தான் குனிந்து கட்டிவிட்டேன். "அண்ணை, தங்கச்சி எப்பவாவது இஞ்ச வந்தால் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். ஓம் என்றேன். பாருங்கள், பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

கொழும்பு விமான நிலையத்தைத் தாண்டி அவரைக் கண்டவர்கள் இல்லை என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது விளங்குகிறதா? நாளைக்கு நீங்கள் அந்தக் கதையைச் சொன்னால் மூன்றாவது முறையாக அதைக் கேட்பார்கள். உங்களையும் நம்ப மாட்டார்கள். அல்லது நம்புவார்கள். நம்பினால் எனக்கு என்ன நடக்கும்? அடுத்த பிளேனில் நான். அந்த முகாமுக்கு என்னைக் கொண்டுபோனால் என்னால் தாங்க முடியாது. அங்கே என்ன செய்வார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

உங்களுக்கு நல்ல கேஸ் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். தையல் வகுப்பால் வரும்போது சுற்றிவளைப்பு, கூட வந்த பிள்ளையைப் பிடித்தது, நீங்கள் வாழைத் தோட்டத்துக்குள் ஓடித் தப்பியது. இங்கேயே சொல்லிப் பழகலாம். நான் குறுக்குக் கேள்வி கேட்கிறேன். அழ வேண்டாம், அழுதால் ஒழுங்கு குழம்பும்.

ஒன்றை மட்டும் மறந்தும் சொல்லிவிடாதீர்கள். முகாமால் வந்த அண்ணனுக்குக் கை தூக்க முடியாமல் நீங்கள் சோறு குழைத்து ஊட்டிய கதை. அதை நான் என் விசாரணையில் சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதேன். அதிகாரி தானே எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, உண்மைதான். ஆனாலும் அந்தப் பருப்புச் சோற்றில் உப்புக் கொஞ்சம் கூடிப்போனது என்பது எனக்குத் தெரியும். உங்கள் விரல் என் உதட்டில் பட்டது தெரியும்.

ஏன் எழும்புகிறீர்கள், தங்கச்சி? நீங்கள் எனக்குத்தானே ஊட்டினீர்கள்.