காய்ச்சலைக் கல்யாணத்துக்கு அழைத்துச் சென்ற வள்ளல்

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அவர்களே, அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, கைக்குட்டை இருந்தும் காற்றிலேயே தும்மும் கண்ணியவான்களே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்!

இன்புளுவன்சாவுக்குக் காலுண்டா? லொறி உண்டா? இல்லை! ஆனால் அதைச் சுமந்து செல்லப் பலாபத்வலயில் ஒரு வள்ளல் இருந்தார். என் மச்சான், மரக்கறி வியாபாரி அப்துல் ஸமத்! அதோ, தலைகுனிந்து சிரிக்கிறார். இந்தக் கதையை மேடையில் சொல்லச் சொன்னவரே அவர்தான்.

தம்புள்ளைச் சந்தையிலிருந்து திரும்பியவருக்கு அனலாய்க் காய்ச்சல், அடித்துப் போட்டது போல் உடம்புவலி, அடங்காத இருமல். அன்று ஊரில் ஒரு கல்யாணம்; மனைவி ஆதிபா தடுத்தார்.

"கல்யாணத்துக்குப் போக வேணாம். வீட்டுல படுங்க."

"சும்மா சளி, தடிமன்தானே! நான் போகலேன்னா சனம் என்ன சொல்லும்?"

போனார்! கட்டித் தழுவினார், இருமினார், கைகொடுத்தார், தும்மினார், பலர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன் தட்டின் முன் நடுநாயகமாய் அமர்ந்தார். முகக்கவசமா? இருந்தது ஐயா, தாடிக்குப் பாதுகாப்பாக! வீட்டில் மீந்துகிடந்த அன்டிபயோட்டிக்கையும் விழுங்கியிருந்தார். வைரஸை அது கொல்லாதாம்; அவருக்கென்ன, தைரியம் வந்ததல்லவா!

அந்த வாரமே காய்ச்சல் அவர் வீட்டில் படுத்தது. வயிற்றில் பிள்ளையோடிருந்த மருமகள் நுஸ்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, மூச்சு எடுக்க ஏலாம இருக்கு."

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். டொக்டர் ஜெயந்தினி சொன்னார்: "சுணங்காம கொண்டு வந்தது நல்லது. வைரஸுக்கான மருந்தை ஆரம்பத்துலயே குடுக்கணும். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயசானவங்க, ஆஸ்துமா உள்ளவங்க காத்திருக்கவே கூடாது. தடுப்பூசி போட்டிருந்தா இவ்வளவு கடுமையாகாம இருந்திருக்கலாம்."

"இப்படி ஒரு ஊசி இருக்குன்னு யாருமே சொல்லலையே!" என்றார் மச்சான்.

ஆதிபா திரும்பினார். "நான் சொன்னேன். ஊசி போட்டா காய்ச்சல் வரும்னு தடுத்தது யாரு?"

ஊசியால் வருமென்று அஞ்சிய காய்ச்சலை, அவரே ஊரெல்லாம் பகிர்ந்துவிட்டார்! சிரியுங்கள். ஆனால் அன்று வார்டு வாசலில் அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

நுஸ்லா பிழைத்தாள். பேரனும் சுகமாய்ப் பிறந்தான். பிள்ளையைப் பார்க்க வந்த மச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"உள்ளுக்கு வாங்க மாமா, தூக்குங்க."

"வேணாம் மகள். தொண்டை கரகரங்குது. சுகமாகட்டும், வாறேன்."

அன்பு என்றால் அணைப்பது மட்டுமா? அகன்று நிற்பதும் அன்பல்லவா! ஆண்டுதோறும் ஊசி, அடிக்கடி கைகழுவல், இருமும்போது மூடிய வாய், காய்ச்சலென்றால் வீடு! இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கிறேன்!

இருமாமல் கேட்ட இந்த அவைக்கு நன்றி. எல்லோரும் சுகமாயிருங்கள்!