இரண்டு யானையும் ஒரு ராணியும்

நான் வைக்கும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு என்றால் பூவனநாதனுக்கு உயிர். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கடம்பூருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்ததால், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. சர்க்கரைக்காரர். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் இன்சுலின் ஊசியை வந்ததுமே போட்டுக்கொண்டார்.

தட்டு எடுக்கப் போன என்னை உட்காரவைத்தவர் அவர்தான். பாதியில் நின்ற செஸ் ஆட்டம் அப்படியே பலகையில் இருந்தது. "அஞ்சு காய் நகர்த்துனா முடிஞ்சிரும் அண்ணாச்சி. அப்புறம் சாப்பிடுவோம்" என்றார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா.

எங்களுக்குள் அது பழைய வழக்கு. ராணி ஒருத்தி இருந்தால் யானை இரண்டையும் மேய்த்துவிடலாம் என்பது என் கட்சி. தீப்பெட்டி ஆபீஸில் ஒன்றாக வேலை பார்த்த காலத்திலிருந்து அதைச் சொல்லியே அவரை மட்டம் தட்டி வந்தேன். அன்று அவர் இரண்டு யானைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி என் கடைசிச் சிப்பாயைக் குறிவைத்தார். அடிக்க இரண்டு பேர், காக்க ராணி ஒருத்தி. சிப்பாய் போயிற்று. அடுத்து ஒரு யானையால் செக் வைத்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லாமல் விடுவாரா? எனக்கு வயிறு எரிந்தது.

ஆட்டம் முடியுமுன் எழுந்தவர் தோற்றவர் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்ததில்லை.

நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவருக்கு வியர்த்தது. "கை நடுங்குது அண்ணாச்சி. உங்க பின்னால மாட்டிருக்க பையில கடலமிட்டாய் இருக்கு, எட்டி எடுங்க" என்றார்.

"பொறுங்க, யோசிக்கேன்லா" என்றேன்.

எதிராளி யோசிக்கும்போது பேசுவது முறையில்லை. இருந்தும் இன்னும் இரண்டு தடவை கேட்டார். அவரே எழுந்து எடுத்திருக்கலாம், யார் தடுத்தது? ஜெயிக்கப்போகிற ஆட்டத்தை விட மனமில்லை. ரோஷக்காரர். பிறகு பேச்சு குழறியது. பலகை மேலேயே சரிந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். மீனாட்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிட்டே அண்ணாச்சி" என்று அழுதபோது நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

நாற்பது நிமிடம் அப்படி என்ன யோசித்தாய் என்று கேட்கிறீர்கள். அந்தச் செக்கிலிருந்து தப்ப என் ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவர் யானையை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அதைப் பார்த்துவிட்டேன்.